ஏழாம் பக்கத்துச் சிறு கட்டம்

புது நாளிதழின் மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டுத்தான் மேசையில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மத்தியானத்துக்குள் கிழிந்துவிடும். இருபத்திரண்டு வருஷமாக நூலகத்தின் வாசிப்பு அறை என் பொறுப்பில் இருந்தது.

எதை நம்பலாம் என்று என்னிடம்தான் வந்து கேட்பார்கள். எதிர்க்கடைத் தையல்காரர் கைபேசியை நீட்டி, “சார், இது நிஜமா?” என்பார். யார் சொன்னது, பெயர் போட்டிருக்கிறதா, வேறு எதிலாவது வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். நமக்குப் பிடிக்காதவன் சொன்னான் என்பதாலேயே ஒரு செய்தி பொய்யாகிவிடாது என்றும் சொல்லியிருக்கிறேன்.

என் தம்பி வேன் ஓட்டுகிறான். எந்நேரமும் ஒரே சேனல்தான் பார்ப்பான். எல்லாரும் கத்துகிற சேனல். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் எங்களுக்குள் வாக்குவாதம் நடக்கும். “உங்க பேப்பர்ல போட்டாத்தான் சூரியனே உதிக்கும்ணே,” என்பான். என் மனைவி சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அந்த ஞாயிறு அவன் வேடிக்கை பேசவில்லை. மூட்டு வலிக்கு அவள் சாப்பிட்டுவந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தான்.

“அண்ணி, டிவில சொன்ன அதே பேட்ச் நம்பர்தான். இதுல ஏதோ கலந்துபோச்சாம், ஈரலைக் கெடுக்குதாம். இனிமே தொடாதீங்க.”

“எதுல சொன்னான்?” என்று கேட்டேன். சேனலின் பெயரைச் சொன்னான்.

“என்னங்க, என்ன பண்றது?” என்றாள் அவள்.

“சாப்பிடு,” என்றேன்.

புதன்கிழமை என் நாளிதழிலேயே அது வந்தது. ஏழாம் பக்கம், கீழ்மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம். சுகாதாரத் துறையின் அறிவிப்பு. அதே மருந்து, அதே எண். நான் இழுப்பறையிலிருந்து பிளேடை எடுத்து, ஸ்கேல் வைத்து நேராக வெட்டினேன். இன்னொரு நாளிதழிலும் இருந்தது. அதையும் வெட்டினேன்.

“சார், இங்க ஓட்டையா இருக்கே,” என்றார் தையல்காரர்.

“ஏதோ விளம்பரம்,” என்றேன். அவர் மனைவிக்கும் மூட்டு வலி என்பது எனக்குத் தெரியும்.

அடியோடு மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்துபோகட்டும், திங்களன்று நானே தேடிக் கண்டுபிடித்ததாக அவளிடம் சொல்லலாம் என்றிருந்தேன். நடுவில் நான்கு நாள்தான்.

வியாழக்கிழமை அவள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். “தம்பி சொன்னது நிஜமா இருக்குமோ?” என்றாள்.

“இருந்தா பேப்பர்ல வந்திருக்காதா?”

“பாத்தீங்களா?”

“பாத்துட்டேன். இல்ல.”

“நீங்க பாத்தா சரிதான்,” என்று வாயைத் திறந்தாள். மாத்திரையைப் போட்டுவிட்டு, தண்ணீர் டம்ளரையும் நான்தான் பிடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை கண் மஞ்சளாகிவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். புதன்கிழமையே நிறுத்தியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவர் ஏன் அந்தக் கிழமையைச் சொன்னார் என்று தெரியவில்லை. அறிவிப்பு வந்த நாள் என்பதால் இருக்கலாம். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அவள் போய்விட்டாள். கடைசிவரை நினைவு இருந்தது. என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, “சாப்பிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

தம்பி ஆஸ்பத்திரிச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். “உங்ககிட்ட சண்டை போட்டாவது அந்த அட்டையைப் பிடுங்கியிருக்கணும்ணே. நான்தான் விட்டுட்டேன்.” அவன் முதுகைத் தடவி, உன்மேல் தப்பில்லை என்றேன். அவனை மன்னிக்க எனக்குக் கஷ்டமாக இல்லை.

தையல்கடை பத்து நாளாகப் பூட்டிக் கிடக்கிறது. நான் விசாரிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் என் பர்ஸிலிருந்து எடுத்த இரண்டு துண்டுகளும் நான் வெட்டியவைதான். படித்துவிட்டுத்தான் வெட்டினேன், தெரிந்துதான் அவளுக்கு மாத்திரை கொடுத்தேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை, எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். செய்தி உண்மைதான். ஆனால் தம்பி அதைச் சரிபார்க்காமல்தான் சொன்னான்.