பட்டாளத்து முந்திரிக்காடு

அந்தப் பக்கம் போவாதீங்க சார், காலு வழுக்குனா நேரா சுண்ணாம்புக்கல் பள்ளந்தான். மூணு பக்கமும் சிமெண்ட்டு கம்பெனிக்காரன் தோண்டிட்டான். நடுவுல மிச்சம் இந்தப் பதினாலு முந்திரி மரந்தான். அளக்குற சங்கிலிய ஓரமா வச்சுட்டு நெழல்ல உக்காருங்க. மோரு குடிக்கிறீங்களா?

என் எடமான்னா கேக்குறீங்க? பட்டா கெடையாது, பொறம்போக்கு. எங்க மாமனார் வச்ச மரம். என் பேரச் சொல்லி, சம்பூர்ணம் காடுன்னாத்தான் ஊருக்குத் தெரியும். ஆனா ஆபீசு கணக்குல இது பட்டாளத்து எடம். அதோ போர்டு நிக்கிதே, ராணுவத் தளம், உள்ளே வராதேன்னு.

பட்டாளம் எப்ப வந்துச்சா? தொண்ணூத்தாறுல வந்துச்சு. லாரி டயரு வெடிச்சு நாலு சிப்பாய்ங்க ரெண்டு நாளு இங்கதான் படுத்துக் கெடந்தாங்க. நாந்தான் கம்மங்கூழு ஊத்துனேன். அவங்க போயி கொஞ்ச நாள்ல பாத்தா போர்டு நிக்கிது.

அப்ப பெரம்பலூரு ஜில்லா. ரெண்டாயிரத்தி ஒண்ணுல அரியலூரத் தனியாப் பிரிச்சாங்களா, தளம் எங்களுதுன்னு அரியலூரு ஆபீசுக்காரங்க வந்தாங்க. ஒரு குடியரசு தினத்துக்கு ரெண்டு ஆபீசும் வந்து ஆளுக்கொரு கொடி ஏத்துனாங்க சார்! எனக்கு ரெண்டு தடவ ஆரஞ்சு மிட்டாய். அதுக்குள்ள ஆட்சி மாறி, மறுபடி ஒண்ணாச் சேத்துட்டாங்க. டெல்லிக்கு எழுதுனதுக்கு, அப்படி ஒரு தளம் எங்க லிஸ்ட்டுல இல்ல, தேடிப் பாக்குறோம், அது வரைக்கும் யாரும் தொடாதீங்கன்னு பதில் வந்துச்சாம். அஞ்சு வருசமாத் தேடுறாங்க, பாவம். இப்பத் திரும்ப ஆட்சி மாறி, திரும்ப அரியலூரு ஜில்லா, நீங்க வந்து நிக்கிறீங்க.

எனக்கென்ன கவலையா? நல்லாக் கேட்டீங்க போங்க! இது யாருதுன்னு என்னிக்கு முடிவாவுதோ, அன்னிக்கே கம்பெனிக்கு எழுதிக் குடுத்துருவீங்க. பக்கத்துல சாமிதுரை காடு அப்படித்தான் போச்சு. இப்ப அவன் அந்தப் பள்ளத்துலயே கல்லு ஒடைக்கிறான். இந்த மரம் போச்சுன்னா எனக்குச் சோறு கெடையாது சார். அதான் சொல்றேன், அவசரப்படாதீங்க. பெரம்பலூர்க்காரங்களையும் ஒரு வார்த்த கேட்டு எழுதுங்க.

கெளம்பிட்டீங்களா? இருங்க, இருங்க, போர்டுல சாயாதீங்க! அய்யய்யோ, சட்டையெல்லாம் பச்சையாப் போச்சே. நேத்து மழையில எழுத்து அழிஞ்சிருச்சுன்னு காலையிலதான் பெயிண்ட்டு அடிச்சேன். நீங்க வர்றதுக்குள்ள காஞ்சுரும்னு நெனச்சேன். பதினோரு வருசமா நாந்தானே எழுதுறேன், ஒருத்தரும் சாஞ்சதில்ல. கழட்டுங்க சார், மண்ணெண்ண வச்சுத் தொடச்சுத் தாரேன்.