வை-ஃபை நல்லா வருதுங்க

சூலூரில் பஸ் ஏறி காந்திபுரம் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில் இரண்டு பேர், ஜன்னலோரத்தவர் மடியில் லேப்டாப். அவர் சொன்ன ஒரு வாக்கியத்தில் என் தூக்கமே போய்விட்டது.

"லேப்டாப்புக்கு லினக்ஸ் செஞ்சு குடுக்கறவரு மனசு நோகக் கூடாதுன்னு, வை-ஃபை நல்லா வருதுன்னு எழுதிப்போட்டேனுங்க."

"வருதுங்களா?"

"எங்கீங்க! அவரு குடுத்த புது கெர்னல், அதானுங்க லினக்ஸோட அடிப்படை புரோகிராம், அதைப் போட்டதுல இருந்து சுத்தமா வாரதில்லைங்க. போன்லதான் அதையே எழுதினேன்."

"அப்ப வரலைன்னுதானுங்க எழுதோணும்?"

"அந்த மனுசன் ஜெர்மனியில உக்காந்து சும்மாவே செஞ்சு குடுக்கறாருங்க. சோதிச்சுப் பாத்துச் சொல்லுங்கன்னு கேட்டாரு. எடுத்த எடுப்புலயே குறை சொல்றதுங்களா? சாப்டீங்களா, ஊட்ல எல்லாரும் நல்லாருக்காங்களான்னு விசாரிச்சுப்போட்டு, ரொம்ப அருமைங்க, கொஞ்சம் சோர்வா மட்டும் இருக்குதுன்னு எழுதினேன்."

"அவரு என்னங்க சொன்னாரு?"

"சந்தோசமாயிட்டாரு. நான் சோதிச்சுப் பாத்து சரின்னு சொன்னதா என்ற பேரைப் போட்டு, உலகத்துக்கே அப்டேட் அனுப்பிப்போட்டாருங்க."

"இப்பவாச்சும் சொல்லிப்போடுங்க."

"பேரைப் போட்டு நன்றி சொன்னவருகிட்ட எப்புடீங்க? அதான் நெட் ஒயர் வாங்க காந்திபுரம் போறேன்."

கேட்டுக்கொண்டிருந்த எனக்கே வாய் துறுதுறுத்தது. சிங்காநல்லூர் வந்ததும் மற்றவர் அவர் பக்கம் சாய்ந்து சொன்னார்.

"எனக்கும் ஒரு ஒயர் சேத்து வாங்கிப்போடுங்க. நேத்து நானும் அந்த அப்டேட்டைப் போட்டேனுங்க. உங்க பேரு இருந்துது. சொன்னா சங்கடப்படுவீங்கன்னு பேசாம இருந்துட்டேன்."