ஆல்கஹால் விடாத குழிகள்

பெயரும் முகவரியும் முதல் தாளில் எழுதியபடி சரி. வயது முப்பத்தொன்பது. புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடமாகச் செல் வளர்க்கும் வேலை பார்க்கிறேன். திருமணமாகவில்லை. அக்காவும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். விடுமுறை நாளில் வெளியாளை ஆய்வுக்கூடத்துக்குள் அழைத்துச் சென்றதாக எங்கள் பேராசிரியர் கொடுத்த புகாரை ஒட்டி விசாரித்ததில் நான் சொல்வதாவது:

மாதுளைத் தோலை ஆல்கஹாலில் ஊறவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றைப் புற்றுநோய்ச் செல்கள் மேல் விட்டுப் பார்ப்பது எங்கள் வேலை. செல்கள் உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தட்டில் சின்னச் சின்னக் குழிகளில் வளரும். பாதிக் குழிகளில் சாறு விட வேண்டும். மீதிக் குழிகளில் அதே அளவு ஆல்கஹாலை மட்டும் விட வேண்டும். அப்போதுதான் செல்களைக் கொன்றது பழமா ஆல்கஹாலா என்று தெரியும். சென்ற வருடம் ஒரு வெள்ளிக்கிழமை மேசையிலிருந்த ஆல்கஹால் தீர்ந்துவிட்டது. அலமாரிச் சாவியை வைத்திருப்பவர் வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு தடவைதானே என்று, ஆல்கஹால் மட்டும் விட வேண்டிய குழிகளில் செல் கழுவும் உப்புநீரை விட்டு, நோட்டில் "வழக்கம்போல்" என்று எழுதினேன்.

திங்கட்கிழமை பார்த்தபோது சாறு விட்ட குழிகளில் ஒரு செல்கூட மிஞ்சவில்லை. மற்றவை செழிப்பாக இருந்தன. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அதன் பிறகு வீட்டுக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்காவிடம் சொன்னேன். அக்காவுக்கு மார்பில் கட்டி. மூன்றாவது தடவை மருந்து ஏற்றி, தலைமுடி முழுவதும் கொட்டியிருந்த நேரம். அதன் பிறகு பேராசிரியர் அந்தத் தட்டைப் படமெடுத்துக் கருத்தரங்கில் காட்டி, அது செய்தித்தாளிலும் வந்து, அக்கா மருத்துவமனைக்குப் போவதை நிறுத்திவிட்டு மாதுளைத் தோலை வேகவைத்துக் குடிக்கத் தொடங்கினாள். தட்டில் நடப்பது வேறு, உடம்பில் நடப்பது வேறு என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் மென்று முழுங்கினேன். அவள் முகம் அப்போதுதான் தெளிந்திருந்தது.

நான்கு மாதம் கழித்து அதே சோதனையை முறைப்படி செய்தேன். வெறும் ஆல்கஹால் விட்ட குழிகளிலும் செல்கள் செத்துக் கிடந்தன. அதன் பிறகு ஆல்கஹாலை ஆவியாக விட்டு, சாற்றை மட்டும் விட்டுப் பார்த்தேன். செல்கள் அவை பாட்டுக்கு வளர்ந்தன. பேராசிரியரிடம் சொன்னேன். எனக்கும் சேர்த்து டீ ஊற்றிக்கொண்டே, "கட்டுரை வெளிய வரட்டும்மா. அதுவரைக்கும் இது நமக்குள்ள இருக்கட்டும். உங்க அக்கா வைத்தியமெல்லாம் இந்த வேலைச் சலுகையிலதானே நடக்கணும்" என்றார். அது உண்மைதான். அந்த டீயைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். "உன்னை யாரோ மிரட்டிட்டாங்கடி. முதல்ல சொன்னப்ப உன் மூஞ்சிய நான் பாத்தேன். அது பொய் சொல்ற மூஞ்சியா" என்றாள். அதற்குள் கட்டி உடைக்கு மேலேயே தெரிந்தது. எத்தனை தடவை சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆகவே கடந்த ஞாயிறு காலை பத்து மணிக்கு அக்காவை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போய், மைக்ரோஸ்கோப் முன் உட்காரவைத்து, முதலில் ஆல்கஹாலில் எடுத்த சாறு விட்ட குழியையும் அதன் பிறகு வெறும் ஆல்கஹால் விட்ட குழியையும் காட்டினேன். "ரெண்டுலயும் செத்துப்போச்சே, அப்ப நல்லதுதானே" என்றாள். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அதன் பிறகு மூன்றாவது குழியைக் காட்டி, "இது வெறும் சாறு. நீ குடிக்கிறது" என்றேன். குழி நிறைய வளர்ந்திருந்த செல்களை வெகுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். "கொஞ்சம்கூட இடம் விடலையேடி" என்று சொல்லி, ஒரு கையை மார்பின் மேல் வைத்துக்கொண்டாள். காவலாளி எங்களைப் பார்த்தது அப்போதுதான்.

மறுநாளே மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவர் எங்களைத் திட்டக்கூட இல்லை. வரும் வியாழன் மருந்து ஏற்ற வரச் சொன்னார். அன்று மாலை பேராசிரியர் போன் செய்து, "சும்மா சுத்திக்காட்டக் கூட்டிட்டுப் போனேன்னு மட்டும் சொல்லுங்க, புகாரை வாபஸ் வாங்கிடறேன்" என்றார். இன்று காலை அப்படிச் சொல்லத்தான் நினைத்திருந்தேன்.

ஆனால் அக்கா பேச்சைக் கேட்டு, மருத்துவமனையில் அவளோடு மருந்து ஏற்றிக்கொண்ட மூன்று பெண்கள் சிகிச்சையை விட்டுவிட்டுச் சாறு குடிக்கிறார்கள். அக்கா நேற்று மூன்று வீட்டுக்கும் நடந்தாள். "குடிக்கச் சொன்னதும் நீ, வேண்டாங்கிறதும் நீயா? செல் வளக்கிற உன் தங்கச்சி எழுத்துல குடுக்கட்டும்" என்று ஒருத்தி சொன்னாளாம். மற்ற இருவர் கதவைச் சாத்திவிட்டார்கள்.

செல்களைக் கொன்றது பழமல்ல, ஆல்கஹால். நோட்டில் பொய் எழுதியது நான். தெரிந்த பிறகு மறைத்தது நானும் பேராசிரியரும். இதைச் சொன்னால் வேலை போகும், வேலையோடு சலுகையும் போகும், வியாழக்கிழமை மருந்து என்னவாகும் என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. உள்ளே வருமுன் அக்காவிடம் கேட்டேன். "எழுதிக் குடு" என்றாள்.

மேலே உள்ளதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டலும் இல்லை, குறைத்தலும் இல்லை. யாரும் வற்புறுத்தாமல் கையெழுத்திடுகிறேன். இதற்கு எனக்கு மூன்று நகல் வேண்டும். வாங்கிக்கொண்டு போக அக்கா வெளியில் உட்கார்ந்திருக்கிறாள்.

(கையெழுத்து)