தாலிக்குக் குறுக்கே ஒரு கறுத்த வார்

அவையை அழகுற நடத்தும் தலைவர், புதுச்சேரி தந்த பெருந்தகை ராதாகிருஷ்ணன் ஐயா அவர்களே, அறிவாலும் அன்பாலும் மூத்த பெரியோர்களே, பனியென்றும் பாராமல் பாரிஸ் புறநகர்களான பொண்டியிலிருந்தும் செவ்ரானிலிருந்தும் ரயிலேறி வந்திருக்கும் தாய்மார்களே, தம்பி தங்கையரே, தவரத்தினத்தின் தலைதாழ்ந்த வணக்கம்.

இன்று நான் பேச வந்தது ஒரு காரைப் பற்றி. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், பாரிஸின் இந்த லா ஷப்பேலில் நம்மவர் சிரிப்பதே அரிது.

நாம் கார் வாங்கினால் எதைப் பார்க்கிறோம்? நிறத்தைப் பார்க்கிறோம். இருக்கை தோலா துணியா என்று தடவிப் பார்க்கிறோம். பிள்ளையாரை எங்கே ஒட்டுவது என்று பார்க்கிறோம். ஓம் அண்ணை, நானும் அப்படித்தான்.

அதோ, கதவோரம் ஒதுங்கி நிற்கிறாரே வாமதேவன் அண்ணை, அவர் அப்படிப் பார்க்கவில்லை. உணவகக் குசினியில் வெந்து உழைத்து, கலியாணங்களுக்கு வாடகைக்கு ஓட்டவென்று ஒரு ஜேர்மன் கார் தேடினார். தோல் இருக்கையோடு ஒன்று வந்தது, வேண்டாம் என்றார். கூரை திறக்கும் கார் வந்தது, அதுவும் வேண்டாம் என்றார். பின்சக்கரம் மட்டும் உந்தும் வகை இருக்க, வழுக்கும் வேளையில் நான்கு சக்கரத்துக்கும் வலுவைப் பகிரும் வகையைக் கேட்டார். அமத்தினால் சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளாத பிரேக்கைக் கேட்டார். பின்னிருக்கைக்கும் பாதுகாப்பு வார் கேட்டார். "பெரிய விஞ்ஞானி" என்று பகிடி பண்ணினோம்.

போன மாரியில் என் மருமகள் கோசலைக்குக் கலியாணம். தாலி கட்டி முடிந்து, மாப்பிள்ளை குகதாசனோடு செவ்ரானுக்குப் புறப்பட வேண்டும். நம் வழக்கப்படி பெண்கள் பின்னிருக்கை முழுதும் வெள்ளைத் துணி விரித்துவிட்டார்கள். அழகோ அழகு. ஆனால் அந்த அழகுக்கு அடியில் போய்விட்டன வார்கள்.

அண்ணை வந்து பார்த்தார். வெள்ளையை உருவினார். பெண்ணைப் பெற்றவள், என் தமக்கை புனிதவதி, பதறிப்போனாள்.

"தம்பி, தாலி ஏறின கழுத்துக்குக் குறுக்காலை கறுத்த வாரோ? அபசகுனமெல்லே?"

"அக்கா, மாலையைக் கழட்டி மடியிலை வைக்கச் சொல்லுங்கோ. வார் போடாமல் நான் காரை எடுக்கமாட்டன்."

சட்டமா கேட்டது? பின்னிருக்கைக்கு, இந்தத் தொண்ணூறாம் ஆண்டிலும், இந்நாட்டில் இன்னும் சட்டமில்லை. அவர் மனம் கேட்டது. அக்கா அழுதாள், பெண்ணும் மாப்பிள்ளையும் வார் போட்டார்கள்.

நெடுஞ்சாலை இறக்கத்தில் முன்னே போன லொறி பனியில் வழுக்கிக் குறுக்கே நின்றது. முன்னிருக்கையில் நான். அண்ணை பிரேக்கை அமத்தினார், அமத்தியபடியே வளைத்தார். கார் சுழலவில்லை. ஓரத்து இரும்புத் தடுப்பில் உரசிக்கொண்டு நின்றது. திரும்பிப் பார்த்தேன். மடியிலிருந்த மாலை அறுந்து பூவெல்லாம் முன்கண்ணாடி வரை பறந்து கிடந்தது. பிள்ளைகள் இரண்டும் இருந்த இடத்தில் இருந்தார்கள்.

அதற்கு நாம் என்ன சொன்னோம்? கும்பிட்டோமா? "வெள்ளையை உருவினவன், மாலை அறுந்த கார்" என்றோம். பேசிவைத்திருந்த கலியாணங்கள் ஒவ்வொன்றாய் விலகின. இந்த மாரி முழுதும் அந்தக் கார் தெருவோரம் பனிமூடிக் கிடக்கிறது. அவர் திரும்பவும் குசினிக்குப் போய்விட்டார்.

முன்வரிசையில் இருக்கும் என் தமக்கையைக் குறை சொல்ல நான் வரவில்லை. குண்டுக்குப் பயந்து பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவள், சகுனம் பார்க்காமல் வேறெதைப் பார்ப்பாள்? ஆனால் அறுந்தது எது? பூமாலை. அறாமல் இருந்தது எது? அந்தக் கறுத்த வார். அந்த வார் இல்லாதிருந்தால், அம்மாமாரே, அந்தப் பூக்களுக்குப் பின்னால் பறந்திருப்பது யார்?

என்ன அக்கா? எழும்பிச் சொல்லுங்கோ, சபைக்குக் கேட்கட்டும்.

கேட்டீர்களா சபையோரே? பின்வரிசைக்குக் கேட்டிராது, நான் சொல்கிறேன். "சின்னவள் கலாவதியின்ரை கலியாணத்துக்கும் வாமதேவனையே வரச்சொல்லு. வெள்ளை நான் விரிக்கமாட்டன். வாரை நானே பூட்டிவிடுவன்" என்கிறாள்.

தலைவர் ஐயா, எனக்கென்று மேசையில் வைத்திருக்கும் பொன்னாடையை என் தமக்கையின் கையில் கொடுங்கள். வாமதேவன் அண்ணை, கதவோரம் நின்றது போதும், மேடைக்கு வாருங்கள். பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வீடு போகும்போது, காரில் வந்தவர்கள் முதலில் வாரைத் தேடி எடுங்கள். வணக்கம்.