பெய்ஃபென்னுக்குக் கொடுத்த எள் உருண்டை

தேநீர் நன்றாக இருக்கிறது, தம்பி. காவல் நிலையத்தில் இவ்வளவு நல்ல இலை போடுவீர்கள் என்று தெரிந்திருந்தால் முன்பே ஏதாவது செய்துவிட்டு வந்திருப்பேன்.

பெய்ஃபென்னை நான் மன்னித்து வெகுகாலம் ஆகிறது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

இருவரும் இதே சியான் நகரத்தில் ஒரே பஞ்சாலையில் தறி ஓட்டியவர்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளைதான் என்று சட்டம் இருந்த காலம். எங்கள் கூடத்தில் யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்று பார்த்து மேலே சொல்வது அவள் பொறுப்பு. எனக்கு ஏற்கெனவே ஒரு மகன். நான் தொளதொளச் சட்டை போட ஆரம்பித்ததை என் கணவர்கூடக் கவனிக்கவில்லை, அவள் கவனித்தாள். ஆலை வண்டியிலேயே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். உதைக்கத் தொடங்கியிருந்த பிள்ளை. திரும்பும்போது வயிறு காலி. அந்த வருஷம் சிறந்த தொழிலாளி என்று அவளுக்கு வெந்நீர்க் குடுவை பரிசு கொடுத்தார்கள். சிவப்புப் பூப் போட்டது. அழகாகத்தான் இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் என் வீட்டுக்கு வந்தாள்.

"வென்லான் அக்கா, அப்போ நான் வேற என்ன பண்ண முடியும்? மேலிடத்து உத்தரவு."

"சரி, சாப்பிட்டியா?" என்றேன்.

எங்கள் வயசுக்காரர்கள் மன்னிப்பது அப்படித்தான். வாயால் சொன்னால் நாக்கு கூசும். கிண்ணத்தில் எதையாவது போட்டு முன்னால் தள்ளிவிடுவோம். நூடுல்ஸ் போட்டு மேலே இரண்டு முட்டை வைத்தேன். "உங்க மனசு யாருக்கு வரும்" என்று அழுதாள். அழுதுகொண்டே இரண்டையும் தின்றாள்.

குடியிருப்புக் குழு எங்களைச் சேர்த்து நிற்கவைத்துப் படம் பிடித்து வாசல் பலகையில் ஒட்டியது. 'பழசை மறந்த மூத்தோர்' என்று கீழே எழுதியிருந்தது. பலகையிலேயே போட்ட பிறகு நமக்கு ஞாபகம் இருக்கலாமா, சொல்லுங்கள்.

பக்கவாதம் வந்ததும் அவளுக்கு விழுங்குவது சிரமமாகிவிட்டது. கஞ்சி மட்டும்தான் என்று டாக்டர் என் எதிரிலேயே சொன்னார். அவள் மகன் வெளியூர். பணிப்பெண் ஒருத்தி உண்டு. மத்தியானத்தில் நானும் போய் உட்காருவேன்.

விளக்குத் திருவிழாவன்று போனபோது கைப்பேசியை நீட்டினாள். துணியில் சுற்றிய பச்சைக் குழந்தை.

"ரெண்டாவது பேத்தி, அக்கா! ஒண்ணோட நிறுத்தாதேன்னு நான்தான் பிடிவாதமாச் சொன்னேன். இப்போ அரசாங்கமே பெத்துக்கோ பெத்துக்கோங்குது." அப்புறம் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள். "நீங்களும் இன்னொண்ணு பெத்திருக்கலாம்க்கா. இந்த வயசுல துணையா இருந்திருக்கும்."

குத்திச் சொல்லவில்லை, தம்பி. நிஜமாகவே மறந்திருந்தாள். மறப்பது அவளுக்கு அவ்வளவு நன்றாக வந்தது.

"வாஸ்தவந்தான்," என்றேன். "சாப்பிட்டியா?"

"கஞ்சியைப் பார்த்தாலே குமட்டுது. பண்டிகை நாள்லயும் அதுவா?"

பணிப்பெண்ணை விளக்கு வாங்கிவரச் சந்தைக்கு அனுப்பினேன். அடுப்படியில் எள் உருண்டை பிடித்தேன். இந்தப் பண்டிகைக்கு எல்லா வீட்டிலும் செய்வதுதான், உள்ளே எள், வெளியே பசையரிசி மாவு. நல்ல தொண்டைக்கே மெல்ல மெல்லத்தான் இறங்கும். சின்னதாகப் பிடித்தால் கஞ்சத்தனம் என்பாளே என்று பெரிதாகவே பிடித்தேன்.

"இதைச் சாப்பிடலாமா, அக்கா?"

"மேலிடத்து உத்தரவு," என்றேன்.

கோணல் வாயோடு சிரித்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

முதலாவது எப்படியோ இறங்கியது. இரண்டாவது இறங்கவில்லை. முகம் நீலம் பாரித்தது. கட்டிலோரம் ஒரு மணி இருக்கிறது. அழுத்தினால் கீழே காவலாளி அறையில் ஒலிக்கும். அவள் கை அதை நோக்கிப் போனது.

கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். வஞ்சம் வைத்துச் செய்தாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மன்னிக்காதவளாக இருந்தால், மணியின் பக்கம் போன அந்தக் கையை இழுத்து, அது ஓயும்வரை இவ்வளவு பிரியமாக மடியில் வைத்துக்கொண்டிருந்திருப்பேனா?