குரலும் குரலின் சாயலும்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் நாதசுரக் கலைஞர் அண்ணன் அறிவுச்செல்வன் அவர்களே, பம்பை அடித்தே விரல் காய்த்துப்போன பெரியோர்களே, அடி அண்ணாமலையிலிருந்து பேருந்து பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே, மேளமும் தாளமுமாய் வாழும் என் தோழர்களே, வணங்குகிறேன்.

இறைவணக்கம் இல்லாமல் கூட்டம் தொடங்கியதே என்று முணுமுணுத்தீர்கள். பாட வேண்டிய சிறுமி இனியா முன்வரிசையில்தான் இருக்கிறாள். அவள் வாயைப் பொத்தியிருப்பது அவளைப் பெற்ற ரேணுகாம்பாளின் கை. ஏன்?

ரேணுகா அக்கா பாட, உடுக்கை அடிப்பவன் நான். போன மாதம் செங்கம் சாலையில் அக்கா, இனியா, நான் மூவரும் ஆட்டோவில் போகிறோம். வானொலியில் ஒரு நகைக்கடை விளம்பரப் பாட்டு. அக்காவின் குரல்! அதே கரகரப்பு, அதே இழுப்பு! இனியா துள்ளினாள்.

"அம்மா, இத எப்போ பாடுன? சொல்லவே இல்ல!"

அக்காவின் முகம் வெளுத்தது. "நான் பாடலடி. அண்ணாமலையார் சத்தியமா நான் பாடல."

பாடாத பாட்டு! திறக்காத வாய்! ஊரெல்லாம் ஒலிக்கும் குரல்! பேய்க்கதை என்கிறீர்களா? பேயை ஓட்டப் பூசாரி இருக்கிறார். இதை ஓட்ட யார் இருக்கிறார்?

முன்பு அம்மன் பாட்டுகளைப் பதிவுசெய்ய வந்த ஒலிப்பதிவு நிறுவனத்தோடு அக்கா போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தோம். 'குரலும் குரலின் சாயலும் என்றென்றைக்கும் நிறுவனத்துக்கே.' அக்காவின் குரலைக் கணினியில் வார்த்தெடுத்து, இஷ்டத்துக்குப் பாட வைத்திருக்கிறார்கள்.

என்ன சொல்றீங்கண்ணே? "படிச்சுப் பாக்காமயா கையெழுத்து போட்டீங்க?"

கேளுங்கள் அண்ணே. அந்தத் தாள் தாம்பாளத்தில் வந்தது. பக்கத்தில் வெற்றிலை பாக்கு. நான்கு மூலையிலும் மஞ்சள். கல்யாணப் பத்திரிகையைச் சந்தேகப்பட்டா வாங்குவீர்கள்? அக்கா கண்ணில் ஒற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். சிரிக்காதீர்கள்! நம் மரியாதையையே மயக்கமருந்தாக்கி நமக்கே கொடுத்தார்கள்.

மறுநாள் இனியா துணி மடித்துக்கொண்டே ஓர் அம்மன் பாட்டை முணுமுணுத்தாள். அக்கா ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினார்.

"பாடாதடி! உன் குரல் என் சாயல்னு ஊரே சொல்லுது. அதுவும் அந்தக் கம்பெனிக்காரனுது ஆயிடும்!"

தோழர்களே, மகள் தன் சாயல் என்றால் எந்தத் தாய் பூரிக்க மாட்டாள்? அந்தச் சொல்லுக்கே ஒரு தாயை நடுங்க வைத்துவிட்டார்களே!

வழக்கறிஞர் சிவப்பிரியா அடித்துச் சொல்கிறார்: மகளின் குரல் மகளுக்கே. தாயின் குரலை மீட்க வழக்குப் போட்டிருக்கிறார். வெல்வோமா? தெரியாது. இரவில் எனக்குத் தூக்கமில்லை. ஏனென்றால் அதே நிறுவனம், அதே மஞ்சள் தாளோடு, நாளை உங்கள் வாசலுக்கு வருகிறது. உங்கள் வாசலுக்கு! உங்கள் பிள்ளைகளின் தொண்டைக்கு!

வெற்றிலை போடுங்கள், கையெழுத்துப் போடாதீர்கள்! தாளை வழக்கறிஞரிடம் கொண்டுவாருங்கள். 'சாயல்' என்ற சொல்லை அடித்த பிறகு பேனாவைத் தொடுங்கள்!

அக்கா, கையை எடுங்கக்கா. பயமாத்தான் இருக்கு. எனக்கும்தான். இனியா, மேல வாம்மா.

தொடக்கத்தில் பாடாத இறைவணக்கத்தோடு முடிக்கிறேன். செவி கொடுத்த அனைவருக்கும் நன்றி, வணக்கம். எல்லோரும் எழுந்து நில்லுங்கள்.

அவள் குரலில் அவள் பாடட்டும்.