பிள்ளை பெற்றவளுக்கு மக்ரோணி

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் காலை ரயிலில், என் எதிரே உட்கார்ந்திருந்த மூக்குத்தி அம்மாள் திடீரென்று கத்தினார்.

“காதுல ஊத்துற எண்ணெயிலயா சமைச்சே?”

அவர் பக்கத்தில் இருந்தவள் ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டுச் சமையற்காரி. அவள் நிதானமாகச் சொன்னாள்.

“ஆலிவ் எண்ணெய் அக்கா. துரைசாணி வீட்டுல அதுலதான் சமையலே.”

“அதைப் பிள்ளை பெத்தவளுக்கா கொடுத்தே?”

“என் மக பெத்து நாலு நாளாச்சு. சோத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கிறா. பால் சுரக்கல. பிள்ளை கத்திக்கிட்டே கெடக்கு. துரைசாணி ஒரு பொட்டலம் மக்ரோணி கொடுத்தாங்க. அவிச்சேன். ரெண்டு முழுப் பூண்டை நறுக்கி அந்த எண்ணெயில செவக்க வதக்கி, உப்புப் போட்டுக் கிளறினேன். அவ்வளவுதான்.”

“மக்ரோணியா! சீனன் கடையில விக்கிற தடிச்ச சேமியா, அந்த மீ மாதிரி இருக்குமே, அதுவா? அடிப்பாவி! பச்சை ஒடம்புக்காரி ஜன்னி கண்டுட்டா என்னடி செய்வே? பத்தியம்னு ஒண்ணு இல்ல?”

“பத்தியத்துக்கும் பூண்டும் எண்ணெயும்தானே அக்கா கொடுக்கிறோம்?”

“நல்லெண்ணெய் கொடுப்போம்டி! மருந்துக்கடை எண்ணெயா கொடுப்போம்?”

பெட்டியில் இருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாள் மார்பில் கையை வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“இப்ப எப்படி இருக்கா?”

“ஒரு தட்டு தின்னுட்டு இன்னும் கேட்டா. நேத்து சாயங்காலம் பால் வந்துருச்சு. பிள்ளை வயிறு நெறையக் குடிச்சுட்டுத் தூங்குது.”

அம்மாளுக்கு அப்போதும் மனம் ஆறவில்லை.

“மாப்பிள்ளையோட அம்மா பார்க்க வந்திருக்காங்கன்னியே. இது அவங்களுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?”

“தெரியுமே. சட்டியில மிச்சம் இருந்ததை வழிச்சுத் தின்னதே அவங்கதான்.”